எனக்கு ஃபோல்டர் வேண்டும்

தீபாவளிக்கு மறுநாள் என் மகன் புதுக் கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்தான். பழையதை ஒரு துணிப்பைக்குள் இறக்கி வாயைக் கட்டிவிட்டான். நான் சமையலறையில் முறுக்கு டின்களை மூடிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால், திரையில் நீளமாக ஒரு கட்டம், அதற்குக் கீழே கலைந்து கிடக்கும் படங்கள், அவ்வளவுதான். ஏழு வருடமாக நான் பெயர் போட்டு வரிசையாக வைத்திருந்த ஃபோல்டர்களில் ஒன்றைக்கூடக் காணோம்.

"என் ஃபோல்டரெல்லாம் எங்கப்பா?"

"உள்ளதான் இருக்கு மா. எல்லாத்தையும் ஒரே எடத்துல கொட்டிட்டேன். இனிமே நீங்க அடுக்க வேணாம். வேணுங்கறத இந்தக் கட்டத்துல கேளுங்க, அது எடுத்துக் குடுக்கும்."

"கொட்டிட்டியா?"

"ஆமா லா. இனி வரப்போற கம்ப்யூட்டர்ல ஃபோல்டரே இருக்காது மா. எதை எங்க வச்சோம்னு மனுசன் ஞாபகம் வச்சுக்க வேண்டியதே இல்ல. மெஷினுக்குத் தெரியும்."

அவன் எல்லைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். அம்மாவுக்கு வேலை மிச்சமாகும் என்று நினைத்துத்தான் செய்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு யாரையும் எதிர்த்துப் பேச வராது. கூட்டம் என்றால் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறவள் நான். அன்றும் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு முறுக்கு டின்னுக்குத் திரும்பிவிட்டேன். அந்த ஒரு "சரிப்பா"வால் ஒரு பெண்ணின் வாழ்க்கை கையைவிட்டுப் போகப் பார்த்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள். கல்யாணமாகி வந்த பிறகு செனாயில் ஒரு தொழிற்சாலையின் ஆபீசில் தரை துடைத்தேன், தேநீர் கலக்கிக் கொடுத்தேன். அங்கே ஃபைல்கள் வைக்கிற அறையில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இரண்டு நாளைக்கு நீ எடுத்துக் கொடு என்றார்கள். அந்த இரண்டு நாள் பதினெட்டு வருடமாயிற்று.

மலாயும் ஆங்கிலமும் நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்த அறையில் படிப்பைவிட வேறொன்று தேவைப்பட்டது. ஆபீசில் யாரும் எண்ணைச் சொல்லிக் கேட்டு வரமாட்டார்கள். "போன மழையில லோரி கவுந்துச்சே, அந்த ஃபைல்" என்பார்கள். "அந்தக் கோவக்கார ஜப்பான்காரரு கையெழுத்துப் போட்டது" என்பார்கள். அந்த லாரி கவிழ்ந்ததைப் பற்றிய காகிதம் எட்டு வகையாக இருக்கும். ஆஸ்பத்திரிக் கடிதம், போலீஸ் கடிதம், டயர் வாங்கிய ரசீது, டிரைவருடைய லைசென்ஸ் நகல். வகை பார்த்துப் பிரித்தால் எட்டு அலமாரிக்குப் போய்விடும். நான் எட்டையும் ஒரே உறையில் போட்டு, மேலே பென்சிலால் சின்னதாக ஒரு லாரி வரைந்து வைத்தேன். மானேஜர் பார்த்துச் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குள் எடுத்துக் கொடுத்தேன். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒன்று. அது யாருடைய கதையைச் சேர்ந்தது என்பது வேறு. இந்த வித்தியாசத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகப் பிடித்துக்கொண்டேன், இன்றுவரை விடவில்லை.

வேலையிலிருந்து நின்ற பிறகு மாசாயில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். கணவர் போய்ச் சேர்ந்தபின் நான் மட்டும்தான் இருக்கிறேன். ஒரு நாள் மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் வெடித்து, எனக்குப் பக்கத்து வீட்டின் அலமாரி முழுக்க நனைந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கல்யாணப் பதிவுப் பத்திரம் கூழாகிவிட்டது. அவள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்தபின், என் காகிதங்களையெல்லாம் கைத்தொலைபேசியில் படம் பிடித்தேன். மகன் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் மிச்சமிருந்ததைக் கொண்டுவந்தாள். அப்புறம் அவளுக்கு எதிர்வீடு. இப்படியே நாலு மாடியும் வந்துவிட்டன.

எங்கள் பிளாக்கில் பெண்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கதவை வைத்துத்தான் அடையாளம். நீலக் கதவு, மணி கட்டின கதவு, துளசித்தொட்டிக் கதவு. நான் கடைசிவீட்டு அக்கா. ஆகவே என் ஃபோல்டர்களுக்கும் கதவுகளின் பெயரையே வைத்தேன். முப்பத்தொரு கதவு, முப்பத்தொரு ஃபோல்டர். ஒரு கதவைத் திறந்தால் அந்த வீட்டாரின் ஐசி என்கிற அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், கரண்ட் பில் எல்லாம் இருக்கும். அந்த வீட்டு அப்பாவின் பிரஷர் மாத்திரை டப்பா, கிளினிக்கில் காட்டுவதற்காக எடுத்த கால் புண், மாற்றுச் சாவியின் படம், எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும். உள்ளே இருக்கிற படங்களுக்கு நான் தனித்தனியாகப் பெயர் வைக்கவில்லை. தொலைபேசி கொடுத்த எண்ணையே விட்டுவிட்டேன். எந்தக் கதவுக்குள் இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா என்று நினைத்தேன். பாதித் தப்பு அங்கே, என்னுடையது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுக் கம்ப்யூட்டரை முதல் வாரம் நான் சோதித்துப் பார்த்தேன். கேஸ் அடுப்பு ரசீது என்று கேட்டேன், உடனே கொடுத்தது. மகனின் கல்யாணப் படம் என்றேன், அள்ளிக் கொட்டியது. இல்லாததைச் சொல்லக்கூடாது. அது கெட்டிக்காரத்தனமான மெஷின்தான்.

அப்புறம் மஞ்சள் கதவு வந்தாள்.

அவள் பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை செய்கிறவள். கணவர் லாரி ஓட்டுகிறார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பதினாறு வருடத்துக்கு முன்னால், அவளோடு வேலை செய்த ஒரு சின்னப் பெண், கல்யாணமாகாமல் ஒரு குழந்தை பெற்றாள். பிறந்த பதினாறாம் நாள் குழந்தையை இவள் மடியில் போட்டாள். இவள் மஞ்சள் துணியில் சுற்றி வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் காட்டி, காதில் மூன்று முறை பெயரைச் சொன்னாள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். காரியம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போய்ச் சாப்பிட்டார்கள். பிள்ளையைப் பதிய வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நம் ஆட்கள் செய்கிற தப்பு இது. சாமி பார்த்துவிட்டால் அரசாங்கமும் பார்த்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

பெற்றவள் வேறு மாநிலத்துக்குப் போனாள், போன இடத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள் என்று பிறகு சேதி வந்தது. பிள்ளை இங்கே வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க யார் யாரையோ பிடித்துக் கெஞ்சினார்கள். பன்னிரண்டு வயதில் கூடப் படித்த பிள்ளைகளெல்லாம் ஐசி எடுக்க வரிசையில் நின்றபோது, இவள் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டாள். இப்போது பதினாறு. நன்றாகப் படிக்கிற பெண். ஐசி இல்லாமல் அடுத்த வருடம் பெரிய பரீட்சைக்கு உட்கார முடியுமா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு காலேஜ், வேலை, கல்யாணப் பதிவு, எல்லாவற்றுக்கும் அதே சுவர்தான்.

மஞ்சள் கதவு பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் அங்கே ஒரு நல்ல அதிகாரி, பெற்றவள் இந்த நாட்டுப் பிரஜைதான் என்பதால் வழி இருக்கிறது, குழந்தை இன்ன ஆஸ்பத்திரியில் இன்னாருக்குப் பிறந்தது என்று ஆஸ்பத்திரியிலிருந்தே கடிதம் வாங்கி வாருங்கள் என்று சொல்லி, அடுத்த மாதம் நாள் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலோ, பதினாறு வருடப் பழைய பதிவைத் தேட வேண்டுமானால் பிரசவத்தன்று கொடுத்த சீட்டில் இருக்கும் எண் வேண்டும் என்றார்கள். அந்தச் சீட்டு அவளிடம் இருந்தது. பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். டின்னுக்குள் கரையான் புகுந்து அதைத் தின்று இரண்டு வருடமாகிறது. ஆனால் அவள் கலங்கவில்லை. ஏனென்றால் கரையானுக்கு முன்னாலேயே நான் அதைப் படம் பிடித்து வைத்திருந்தேன்.

"அக்கா, அந்த ஆஸ்பத்திரிச் சீட்ட ஒரு காப்பி அடிச்சுக் குடுங்க. நாளைக்கே லீவு போட்டுட்டு ஓடறேன்" என்றாள். பை நிறைய ரம்புத்தான் பழம் கொண்டுவந்திருந்தாள்.

நான் கட்டத்தில் மஞ்சள் கதவு என்று அடித்தேன்.

மெஷின் மஞ்சள் கதவுகளைக் காட்டியது. கோயில் மண்டபத்துக் கதவு, யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த மஞ்சள் வேன், சாயம் போன ஒரு குளியலறைக் கதவு. அவள் மகளின் பெயரை அடித்தேன். அவளுடைய பள்ளிச் சான்றிதழ்கள் வந்தன, பரிசு வாங்கிய படம் வந்தது. சீட்டு வரவில்லை. எப்படி வரும்? பிறந்த அன்று அவளுக்குப் பெயரே கிடையாது. சீட்டில் பெண் குழந்தை என்று மட்டும்தான் போட்டிருக்கும். பெற்றவளின் பெயரை அடித்தோம். ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி என்று அடித்தேன். நாலு மாடி ஜனங்களின் சீக்கும் வரிசையாக வந்து நின்றது. ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தோம். அதிலும் இல்லை.

மஞ்சள் கதவு அதுவரை ரம்புத்தானை உரித்துக்கொண்டே இருந்தாள். கை நின்றுவிட்டது.

"இருக்குதுல்ல அக்கா?" என்றாள்.

மகனுக்குப் போன் போட்டேன். வேலை நேரத்தில் நான் போன் போட்டதே இல்லை என்பதால் பதறிப்போய் எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். பழைய கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டேன். துடைத்துச் சுத்தமாக்கி யாருக்கோ கொடுத்துவிட்டானாம். ஃபோல்டரின் பெயர்களையாவது வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"மணி கட்டின கதவு, துளசித்தொட்டின்னு இருந்துச்சு மா. என்னான்னு எனக்கே வெளங்கல. மெஷின் உள்ள இருக்கறத படிச்சுக்கும்னு விட்டுட்டேன்."

"உனக்கு வெளங்கலன்னா என்னக் கேட்டிருக்கணும்."

நான் அவனிடம் அப்படிப் பேசியது எனக்கே புதிதாக இருந்தது. பிறகு அவன் மெதுவாக இன்னொன்று சொன்னான். எல்லாவற்றையும் ஏற்றியபோது, மங்கலான படங்களையும் ஒரே மாதிரி இருக்கிற படங்களையும் மெஷினே கழித்து ஒரு குப்பைத்தொட்டியில் போட்டிருக்கும். முப்பது நாள்வரை அங்கே இருக்கும், அப்புறம் அதுவே அழித்துவிடும்.

சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்து எண்ணினேன். தீபாவளிக்கு மறுநாளிலிருந்து இருபத்தாறு நாள் போயிருந்தது.

"அழிக்காதேன்னு அதுக்கிட்டச் சொல்ல முடியாதா?"

"நான் வந்தாத்தான் மா பாக்க முடியும். சனிக்கிழம வந்துர்றேன். நீங்களா எதையும் அமுக்கிராதீங்க."

அன்று செவ்வாய். சனிக்கிழமை அவன் வந்து சேர்வதற்குள் முப்பது நாளும் ஓடிப்போயிருக்கும். நான் அமுக்கினேன். குப்பைத்தொட்டியைத் திறந்தேன். நாலாயிரத்துச் சொச்சம் படம். பெயர் இல்லை, வரிசை இல்லை. தலைகீழாகவும் பக்கவாட்டிலும் புகைமூட்டமாகவும், எங்கள் பிளாக்கின் ஏழு வருட வாழ்க்கை அங்கே குப்பையாகக் கிடந்தது.

மறுநாள் மஞ்சள் கதவு காலை ஷிப்ட் முடித்துவிட்டு மத்தியானம் வந்தாள். இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். நான் ஒவ்வொன்றாகத் தள்ள, அவள் பார்ப்பாள். மங்கல் என்று மெஷின் கழித்துப் போட்டவற்றில் பாதி எங்களுக்குத் தெளிவாகத்தான் தெரிந்தன. யாருடைய சமையலறைத் தரை, யாருடைய விரல் குறுக்கே விழுந்திருக்கிறது என்பதுவரை தெரிந்தது.

"இது யாரு காது அக்கா?"

"உன் வீட்டுக்காரரு காதுதான். எறும்பு போயிருச்சுன்னு கத்திக்கிட்டு வந்தாரே, மறந்துட்டியா?"

"அலமாக். இதக்கூட வச்சிருக்கீங்களா?"

"டாக்டரு மறுபடி வரச் சொன்னாரு. எந்தக் காதுன்னு அவருக்கே ஞாபகம் இல்லன்னாரு. அதான்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தாள்.

இரண்டாம் நாள் அந்தப் பெண்ணும் பள்ளிச் சீருடையோடு வந்து வாசலில் நின்றாள். என்னைப் பெரிம்மா என்பாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "கெடைக்கலன்னாலும் பரவால்ல பெரிம்மா. நான் ஏற்கெனவே இல்லாதவதானே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். மஞ்சள் கதவு திரும்பிப் பார்க்கவில்லை. திரையை வெறித்துக்கொண்டு, "அடுத்தது தள்ளுங்க அக்கா" என்றாள்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மெஷின்மேலா, மகன்மேலா, வெற்றிலை மாற்றிக்கொண்டு எழுந்துபோன பெரியவர்கள்மேலா, "சரிப்பா" என்று சொன்ன என் வாய்மேலா. இனிமேல் யாரும் எதையும் அடுக்க வேண்டாம் என்று எவனோ முடிவு செய்திருக்கிறான். அவனுடைய பிறப்புப் பத்திரம் அவனிடம் பத்திரமாக இருக்கும். அவன் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல இருக்கும். அவனைப் பெற்றவளும் வளர்த்தவளும் ஒரே ஆளாக இருப்பாள். அப்படிப்பட்டவர்களை மெஷின் சுலபமாகக் கண்டுபிடித்துவிடும். பெற்றவள் பெயர் ஒரு தாளில், வளர்த்தவள் பெயர் இன்னொரு தாளில், தன் பெயர் எதிலுமே இல்லாமல் பிறந்த பிள்ளையை அது எப்படி ஒன்று சேர்க்கும்? சேர்த்து வைத்தவள் நான். அந்தத் தாள்களைப் பார்த்து, இவையெல்லாம் ஒரே கதவுக்குள்ளே போக வேண்டியவை என்று தெரிந்து வைத்தேன். அந்தத் தெரிதலைத்தான் ஃபோல்டர் என்கிறார்கள். அதைக் கொட்டிவிட்டு, பொருள் எல்லாம் உள்ளேதான் இருக்கிறது என்றால் எப்படி?

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. நாற்பதுக்கு மேல் பல் விளக்கும் பிரஷ் படம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தொலைபேசியைக் குளியலறைத் தட்டில் வைத்தபோது தானாக எடுத்திருக்கும். அதைத் தாண்டியவுடன் ஒரு வெங்காயம் தெரிந்தது. நான் தள்ளிவிட்டேன். மஞ்சள் கதவு என் கையைப் பிடித்தாள்.

"பின்னாடி போங்க."

பின்னால் போனேன். அவள் வீட்டுச் சமையலறைத் தரை, பூப்போட்ட சிமெண்டுக் கல். அதன்மேல் ஒரு வெள்ளைக் காகிதம். மேலே சுற்றுகிற காற்றாடியில் காகிதம் பறக்கக்கூடாது என்று ஒரு மூலையில் பெரிய வெங்காயத்தை வைத்திருந்தாள். என் தொலைபேசி வெங்காயத்தையே குறிவைத்ததில் அது தெளிவாகவும் எழுத்து மங்கலாகவும் விழுந்திருந்தது. மெஷின் அதன் கீழே காய்கறி என்று எழுதியிருந்தது.

"கிறுக்குப் புடிச்ச மெஷினு" என்றாள் மஞ்சள் கதவு. "என் புள்ளய வெங்காயம்ங்குது."

படத்தைப் பெரிதாக்கினோம். எண் தெரிந்தது. கடைசிக்கு முந்தின இலக்கம் மட்டும் ஒன்றா ஏழா என்று விளங்கவில்லை. நான் அதைக் குப்பையிலிருந்து எடுத்தேன், தொலைபேசியில் ஒன்று, மகன் எப்போதோ கொடுத்த பென்டிரைவில் ஒன்று ஏற்றினேன். அதுவும் போதாமல், எண்ணை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் இரண்டு விதமாகவும் எழுதி அவளிடம் கொடுத்தேன். அப்புறம்தான் இரண்டு பேரும் எழுந்து சாப்பிட்டோம். மற்றப் படங்களையும் என்னால் முடிந்த அளவு தொட்டியிலிருந்து மீட்டேன். அந்தக் காதையும் சேர்த்துத்தான்.

சனிக்கிழமை மகன் வந்தான். முகத்தைப் பார்த்தாலே சங்கடப்படுகிறான் என்று தெரிந்தது. காப்பி கொடுத்தேன். அவன் குடித்து முடிக்கிறவரை காத்திருந்தேன்.

"எனக்கு ஃபோல்டர் வேணும்" என்றேன்.

"மா, அதான் கெடைச்சிருச்சுல்ல. ஒரு தடவ தப்பாயிருச்சு. அதுவும் கத்துக்கும் மா. அடுத்த வருசம் பாருங்க, அந்தச் சீட்டு யாரோடதுன்னு அதுவே கண்டுபிடிச்சிரும்."

"அடுத்த வருசம் கண்டுபிடிக்கட்டும். இந்தப் புள்ளைக்கு இந்த மாசம் வேணும்."

"எல்லாம் மாறுது மா. நீங்க ஒரு ஆளு வேணாம்னா நிக்கப் போகுதா?"

"நிக்க வேணாம். போகட்டும். என் வீட்டு மேசையில மட்டும் நான் சொல்ற மாதிரி இருக்கணும். அது தேடிக் குடுக்கட்டும், நான் வேணாங்கல. அடுக்கறது நான். எத வச்சுக்கணும், எத எறியணும்னு சொல்றதும் நான்தான்."

அவன் என்னைப் பார்த்தான். இவ்வளவு நீளமாக நான் பேசி அவன் கேட்டதில்லை. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஃபோல்டர் போடுகிற வசதியை உள்ளே எங்கேயோ ஆழத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். தேடித் தேடி, நாலைந்து எச்சரிக்கைக்கு ஆமாம் ஆமாம் என்று சொல்லித்தான் அதைத் திறக்க முடிந்தது. தானாகக் கழிப்பதை நிறுத்தினான்.

"அடுத்த வெர்ஷன்ல இதையும் எடுத்துருவாங்க மா."

"எடுத்தா நான் இந்த வெர்ஷன்லயே இருந்துக்கறேன்."

சிரித்துவிட்டான். அன்று மாலைவரை அவன் உட்கார்ந்து புதிதாக ஃபோல்டர்களைப் போட்டுக்கொண்டே இருந்தான். நான் பின்னால் நின்று கதவுகளைச் சொன்னேன். நீலம், மணி, துளசி. பத்தாவது கதவுக்கு வந்தபோது, உள்ளே போகிற படங்களுக்கும் பெயர் போடலாமா என்று அவனே கேட்டான். என் பாதித் தப்பை அப்படித்தான் திருத்திக்கொண்டேன். இன்றுவரை ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு வருகிறேன். இன்னும் முடியவில்லை.

திங்கட்கிழமை தாயும் மகளும் நானுமாக மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மஞ்சள் கதவு என்னையும் வரச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாள். பழைய பதிவுகளுக்கான கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். படத்தின் காப்பியைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். இந்த எண் தெளிவாக இல்லையே என்றாள். மஞ்சள் கதவு என் பக்கம் திரும்பினாள். நான்தான் முன்னால் போனேன். ஒன்று போட்டு ஒரு முறை, ஏழு போட்டு ஒரு முறை பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "மாச்சிக் யார்? பிள்ளைக்கு என்ன உறவு?" என்று மலாயில் கேட்டாள். மாச்சிக் என்றால் அத்தை.

உறவு என்று சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

"இவங்க ஃபைல் என்கிட்டதான் இருக்கு" என்றேன்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பி வந்தபோது கையில் நீண்ட பழைய புத்தகம் ஒன்று இருந்தது. ஏழுதான் சரி என்றாள். பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து வாசித்தாள். பெற்றவளின் பெயர், ஐசி எண். பெண் குழந்தை. எடை இரண்டு கிலோ அறுநூறு. பிறந்த நேரம் மாலை நாலு இருபது.

மஞ்சள் கதவு விரலை மடக்கி நட்சத்திரம் எண்ண ஆரம்பித்துவிட்டாள். இத்தனை வருடமாக நேரம் தெரியாததால் கோயிலில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு அர்ச்சனை செய்யும்போதெல்லாம் நட்சத்திரம் கேட்டால் முழித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பெண்ணோ கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேரத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். மலாய்ப் பெண் சொன்னாள். மறுபடியும் கேட்டாள். அலுத்துக்கொள்ளாமல் மறுபடியும் சொன்னாள்.

கடிதம் ஒரு வாரத்தில் கிடைத்தது. கொடுத்த நாளில் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். முடிவு வர மாதங்கள் ஆகும் என்றார்கள். இதை எழுதுகிற இன்றுவரை வரவில்லை. இன்னும் ஏதாவது தாள் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்கட்டும். எது கேட்டாலும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

விண்ணப்பம் கொடுத்த சாயங்காலம் அந்தப் பெண் ரசீதைக் கொண்டுவந்தாள். படம் பிடித்து ஏற்றினேன். இனிமேல் உனக்கென்று ஒரு எண் வரப்போகிறது, பெரிய ஆளாகிவிட்டாய், உன் பெயரிலேயே தனி ஃபோல்டர் ஒன்று போட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் பெரிம்மா" என்றாள். "அம்மா கதவுலயே இருக்கட்டும்."

அங்கேயே வைத்தேன்.